அப்போஸ்டில் போட்டும் பேப்பரை திருப்பி விட்டுட்டாங்க, அவசரம்!!

மாப்ள_2பாயிண்ட்0: மக்களே அவசரம். எனக்கு வெளிநாட்டுல கல்யாணம், பொண்ணு அந்த ஊர் சிட்டிசன். இசேவைல அப்ளை பண்ணி அன்மேரிட் சர்டிபிகேட் வாங்கி பர்த் சர்டிபிகேட்டோட சேத்து அப்போஸ்டில் (பேப்பர் வெளிநாட்டுல செல்லுறதுக்காக வெளியுறவுத்துறை ஒட்டுற ஸ்டிக்கர்) குத்தி பொண்ணுக்கு அனுப்புனேன், அங்க ஆபிஸ்ல இது செல்லாதுன்னுட்டாங்க. இங்க ரிசப்ஷனுக்கு மண்டபம் அட்வான்ஸ் குடுத்தாச்சு. என்ன பண்றது??

கடல்தாண்டி: எந்த நாடு?

ரசீது ராணி: நாட்டை சொல்லுங்க ப்ரோ. செல்லாதுன்னு வாய்ல சொன்னாங்களா லெட்டர் குடுத்தாங்களா?

விதிமுறை வேலு: தேடிப் பாத்துட்டு கேக்குற பழக்கமே இல்ல யாருக்கும். 2005ல இருந்து இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்துல இருக்கு தம்பி. வெளியுறவுத்துறை ஸ்டிக்கர் இருந்தா ஒப்பந்தத்துல இருக்குற எந்த நாடும் ஏத்துக்கணும். உங்க ஏஜென்ட் டூப்ளிகேட் ஸ்டிக்கர் ஒட்டிருப்பான், அதான் மேட்டர்.

பரணி_டூட்: ஏஜென்ட் இல்ல ப்ரோ, பேர்ல இனிஷியல் பிரச்சனையா தான் இருக்கும். பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேம்ல இருக்கும், பர்த் சர்டிபிகேட்ல வெறும் "ஆர்" னு இருக்கும், அவங்களுக்கு இது ரெண்டு ஆளு. எனக்கு இதே கதை.

மாப்ள_2பாயிண்ட்0: சொல்ல மறந்துட்டேன், ஜெர்மனி. பர்த் சர்டிபிகேட்ல என் பேரே இல்ல, "ஆண் குழந்தை"ன்னு மட்டும் இருக்கு, அது பிரச்சனையா?

கடல்தாண்டி: இதை முதல்லயே சொல்லிருக்கலாம் தம்பி 😀 இந்தியா சேர்ந்தப்பவே ஜெர்மனி ஆட்சேபணை போட்டுடுச்சு, அதனால நம்ம அப்போஸ்டில் அங்க சும்மா ஸ்டிக்கர் தான். அங்க பதிவு ஆபிஸே உங்க பேப்பரை இந்தியாவுல இருக்குற ஜெர்மன் தூதரகத்துக்கு அனுப்பி சரிபார்க்க சொல்லும், நீங்களா நேரா குடுக்க முடியாது. தூதரகம் வக்கீல் வச்சு உங்க ஊர்ல வந்து விசாரிக்கும், பக்கத்து வீட்ல கூட கேப்பாங்க, செலவு உங்க தலைல. மாசக்கணக்குல ஆகும், மண்டபத் தேதியை மறந்துடுங்க. அதுக்கு முன்னாடி நகராட்சில பேர் சேத்து புது பர்த் சர்டிபிகேட் வாங்குங்க, பேர் இல்லாம எதை வச்சு விசாரிப்பாங்க.

அப்புறம், கல்யாணம் பண்ண தகுதி உண்டுன்னு ஒரு சான்று கேப்பாங்க. நம்ம நாட்டுல அப்படி ஒண்ணு தர்றதில்லங்கறதால அங்க மேல்கோர்ட்டு தலைவர்கிட்ட விலக்கு வாங்கணும். அந்த மனுவையும் பதிவு ஆபிஸ் வழியா தான் போடணும்.

விதிமுறை வேலு: நான் பொது விதிய சொன்னேன். ஜெர்மனின்னு அப்போ சொல்லல.

ரசீது ராணி: கேக்காம ஏஜென்ட்டை திருடன்னு சொன்னீங்களே சார்

சிவகாமி மகன்: இவ்ளோ தலைவலி எதுக்கு, பொண்ணை இங்க வர சொல்லி கோயில்ல தாலி கட்டி ரிஜிஸ்டர் பண்ணுங்க, சோலி முடிஞ்சது.

பரணி_டூட்: இந்து திருமண சட்டம் ரெண்டு பேரும் இந்துவா இருந்தா தான் ப்ரோ. சுயமரியாதை கல்யாணமும் அதே சட்டத்துக்குள்ள தான் வரும். இவங்களுக்கு 1954 சிறப்பு திருமண சட்டம் தான், ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாள் தங்கிருக்கணும், அப்புறம் 30 நாள் நோட்டீஸ்.

சிவகாமி மகன்: என் மாமா பையன் ரஷ்யாக்கார பொண்ணை கோயில்ல தான் கட்டுனான், சட்டம் பேசுறவங்க யாரும் வந்து தடுக்கல.

பரணி_டூட்: தாலி கட்டறத யார் தடுப்பா? பதிவு ஆச்சான்னு கேளுங்க.

சிவகாமி மகன்: குழந்தையே ரெண்டு இருக்கு, பதிவு கேக்குறாரு

ரசீது ராணி: டென்மார்க்ல போய் சுலபமா பண்ணிக்கிறாங்களே?

கடல்தாண்டி: அவர் இந்தியால இருக்காரு, போகவே விசா வேணும். அதோட சேர்ந்து வாழ ஜெர்மனிக்கு மனைவி வழி விசா எடுக்கும்போது அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்வு ஏ1 பாஸ் கேப்பாங்க. அதை இப்பவே ஆரம்பிங்க தம்பி.

லதா_கேள்விகள்: நடுவுல வர்றதுக்கு சாரி, எனக்கு ஆல்ரெடி வெளிநாட்டுல கல்யாணம் ஆயிடுச்சு, அதை தமிழ்நாட்டுல பதிவு பண்ணலாமா? கணவருக்கு ஓசிஐ (வெளிநாட்டு சிட்டிசனுக்கு இந்தியா தர்ற அட்டை) வேணும்.

விதிமுறை வேலு: 2009 தமிழ்நாடு திருமணப் பதிவு சட்டம் இங்க நடந்த கல்யாணத்துக்கு மட்டும். நீங்க இந்திய சிட்டிசன்னா 1969 வெளிநாட்டு திருமண சட்டம், 17வது பிரிவு, அந்த நாட்டு இந்திய தூதரகத்துல கேளுங்க. ஓசிஐக்கு கல்யாணம் பதிவாகி தொடர்ந்து 2 வருஷம் ஆகிருக்கணும். இதுக்குத் தனி இழை போடுங்க.

மாப்ள_2பாயிண்ட்0: பொண்ணு அங்க பதிவு ஆபிஸ்ல கேட்டுட்டா, கடல்தாண்டி அண்ணன் சொன்னது தான். முன்பணம் கட்ட சொல்லிருக்காங்க. நகராட்சி க்யூல நிக்கிறேன், அப்புறம் வர்றேன்.

ரசீது ராணி: மண்டப அட்வான்ஸ் திரும்பக் குடுத்தாங்களா?

ரசீது ராணி: ப்ரோ?