குழந்தைக்கு பிரஷர்: பெற்றோரே, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மதுரையிலிருந்து ஓர் அம்மா

என் மகனுக்கு 9 வயது. அடிக்கடி தலைவலி, ஓடினால் கால் வலிக்குது என்பான். கண் டாக்டரிடம் காட்டினோம், பார்வையில் குறை இல்லை. பிறகு குழந்தைகள் டாக்டர் கையில் பிரஷர் பார்த்தார்: 140/90. உடனே படுக்க வைத்து, தொடை இடுக்கில் விரல் வைத்து நாடி தேடினார். கையில் துள்ளிய நாடி அங்கே லேசாகத்தான் தட்டுப்பட்டது. காலில் பிரஷரும் கையைவிடக் குறைவு. வழக்கமாகக் காலில்தான் சற்றுக் கூடுதலாக இருக்குமாம்.

எக்கோவில் (இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன்) காரணம் தெரிந்தது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி, கைகளுக்குக் கிளை பிரிந்ததற்கு அப்புறம் ஓரிடத்தில் குறுகியிருக்கிறது. பிறவிக் குறை. அந்தக் குறுகலைத் தாண்டி ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போயிருந்தது. சுருங்கும் பலம் குறையவில்லை. ஆனால் தடித்த சுவர் சரியாகத் தளராததால் அறை ரத்தத்தால் நிரம்பச் சிரமப்பட்டது. குறுகலை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்த பிறகு பிரஷர் இறங்கி, தடிப்பும் குறைந்துகொண்டு வருகிறது. பிரஷர் மறுபடி ஏறக்கூடும் என்பதால் ஆயுசுக்கும் செக்கப் உண்டு.

குழந்தைகள் வார்டு நர்ஸ்

அக்கா, அந்த டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தாரே, அதுதான் முக்கியம். பெற்றோருக்கு நான் சொல்வது: கையில் சுற்றும் பட்டை பிள்ளையின் கைக்குப் பொருந்துகிறதா என்று கேளுங்கள். சின்னப் பட்டை அளவை ஏற்றிக் காட்டும், பெரிய பட்டை இறக்கிக் காட்டும். பெரியவர்களின் கணக்கும் இங்கே செல்லாது. 120/80 என்பது 5 வயதுக் குழந்தைக்கு அதிகம். 13 வயதுக்குக் கீழே வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து அட்டவணையில் ஒப்பிட வேண்டும். அதற்கு மேல் 130/80 தொட்டாலே கவனிக்க வேண்டும். 3 வயதிலிருந்து வருஷம் ஒருமுறை பாருங்கள்.

ஓர் அப்பா, திருச்சி

என் மகளுக்கு 12 வயதில் மூச்சு வாங்கியது. இதயம் வீங்கி, பம்ப் செய்யும் திறன் 25 சதவீதம். இதயத் தசை நோய் என்றே முதலில் வைத்தியம் நடந்தது. இன்னொரு டாக்டர் நாலு கைகால்களிலும் பிரஷர் பார்க்க, இரு கைக்கும் பெரிய வித்தியாசம். ஸ்கேனில் டகாயாசு என்ற ரத்தக்குழாய் அழற்சி தெரிந்தது. சிறுநீரகத் தமனி அடைபட்டு ஏறிய பிரஷர்தான் இதயத்தைத் தளர்த்தியிருக்கிறது. பலூன் வைத்து அந்தத் தமனியை விரித்தார்கள். மாத்திரைகளோடு சில மாதங்களில் 55 சதவீதத்துக்கு வந்துவிட்டாள், சாமி புண்ணியம். அழற்சிக்கு இன்னும் மருந்து ஓடுகிறது.

இதே நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இருந்தால், பள்ளிக்கூடத்தில் விளையாட எவ்வளவு தூரம் அனுமதித்தார்கள் என்று எழுதுங்களேன். அவள் தினமும் கேட்கிறாள்.