மறு: ப்ராக்சிக்கு ‘பதிலி’ வேண்டாம், ‘சுவடு’ வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காலநிலை ஆய்வில் ‘ப்ராக்சி’ (proxy) என்றால், அளவீடு இல்லாத பழங்காலத்து மழையையும் வெப்பத்தையும் மறைமுகமாகக் காட்டும் அடையாளம். அதற்குத் தமிழில் ‘பதிலி’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். ஒருவருக்காக இன்னொருவர் போடும் ஓட்டுக்கு அது பொருந்தும். பழங்கால மழையைப் பேசுகிற இடத்தில் ஒட்டவில்லை. தேக்கின் வளையம் மழைக்குப் பதிலாக வந்து நிற்கவில்லை. மழையே பதித்துவிட்டுப் போன தடம் அது.

எங்கள் ஆரியங்காவு, புனலூர்ப் பக்கம் மரம் அறுக்கும் மில்களில் தேக்கின் வெட்டுமுகத்தைக் குனிந்து பார்த்தால் தெரியும். தளிர்விடும் பருவத்துக் கட்டையில் பெரிய துளைகள் வரிசையாக ஓடும்; போகப் போகச் சிறுத்து அடர்ந்துவிடும். அடுத்த துளை வரிசை வந்தால் அடுத்த ஆண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் வரிசைகள் நெருங்கிவிடும். கேரளத் தேக்குகளிலிருந்து புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 1481 முதல் 2003 வரை வளையத் தொடர் கட்டியிருக்கிறார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிட வெப்பமாகும் எல் நினோவோடு வந்த வறட்சிகள் பல அதில் குறுகிய வளையங்களாக நிற்கின்றன.

இதில் தடத்தைத் தாங்கும் மரம் வேறு, தடமான வளைய அகலம் வேறு. நீலகிரி உச்சிச் சதுப்புகளின் பீட் மண்ணை, அதாவது அரைகுறையாக மட்கிய தாவரங்கள் படிந்த மண்ணை எடுங்கள். வறண்ட காலத்தில் புல்வெளி பரவினால் மண்ணில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் வகை கூடும். ஈரம் மிகுந்து சோலை பெருகினால் குறையும். சுமார் 20,000 ஆண்டுக் கதை அங்கே கிடக்கிறது. அதே மண்ணில் மகரந்தமும் உண்டு. தாங்குவது ஒன்று, தடம் இரண்டு. ஆகவே தடத்தைத் தாங்கும் பொருளான ஆர்க்கைவுக்கு (archive) ‘இயற்கைச் சுவடி’, ப்ராக்சிக்கு ‘காலநிலைச் சுவடு’ என்பது என் முன்மொழிவு. குகையில் நீர் சொட்டி வளரும் கல்முளை சுவடி; அதிலுள்ள ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் வகையின் அளவு சுவடு.

இரண்டும் ஒலியில் நெருங்கிக் குழப்பும் என்பீர்கள். வேற்றுமை ஏறியதும் பிரிந்துவிடும்: சுவடியில், சுவட்டில். ‘சான்று’ என்ற மாற்றை நான் ஏற்கத் தயங்குகிறேன். சான்று என்றால் தீர்ந்த முடிவுபோல் ஒலிக்கிறது. தேக்கிலையைப் புழு அரித்த ஆண்டிலும் வளையம் குறுகலாம். சுவட்டை ஆராய்ந்துதான் மழையா புழுவா என்று சொல்லவேண்டும்.

பல சுவடுகளைச் சேர்த்துப் பார்க்கும் மல்டி-ப்ராக்சிக்கு ‘பல்சுவட்டு ஆய்வு’ சரியாக வருகிறது. வளைய அகலத்தை மழைமானிக் கணக்கோடு பொருத்திப் பார்க்கும் காலிப்ரேஷனுக்கு ‘அளவுத்திருத்தம்’ போதுமா? கருவியைச் சரிசெய்வதுபோல் தொனிப்பதால் எனக்கு நிறைவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.