சுண்டவத்தலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது: உப்பா, பூஞ்சையா?

அம்பாசமுத்திரம்:
வணக்கம். வாய்க்கால் கரை வேலியோரம் பறித்த சுண்டைக்காயையும், புறவாசலில் காய்த்த சீனியவரைக்காயையும் (கொத்தவரங்காய்) புரட்டாசி வெயிலில் வத்தல் போட்டேன். சுண்டைக்காயைத் தட்டி, விதை போக அலசி, உப்பு மோரில் ராத்திரி ஊறவைத்தேன். பகலில் மொட்டைமாடியில் காயவைத்து, சாயந்திரம் மறுபடி அதே மோரில் போடுவேன். மூன்று நாள் இப்படி. அப்புறம் இரண்டு நாள் வெறும் வெயில். அன்று மழை கட்டிக்கொண்டு வரவே, அவசரமாக அள்ளி, சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துவிட்டேன்.

இன்று திறந்தால் மாவு தூவினதுபோல் வெள்ளை. வேறு டப்பாவில் இருக்கும் சீனியவரை வத்தல் நன்றாக இருக்கிறது. ஆச்சி போட்ட வத்தல் ஒரு வருஷம் கிடக்கும். என்னுடையது ஒரு மாசம்கூடத் தாங்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. திரும்ப வெயிலில் போட்டால் சரியாகுமா?

பாளையங்கோட்டை:
அக்கா, பதறாதீர்கள். மோர் வத்தலில் உப்பு பூப்பது உண்டு. உப்பு என்றால் வெளிச்சத்தில் மினுங்கும், தண்ணீரில் போட்டதும் கரைந்துவிடும். பூஞ்சை பஞ்சு மாதிரி இருக்கும், மக்கல் வாடை அடிக்கும். அடியில் கிடப்பதைச் சுளகில் கொட்டிப் பாருங்கள். ஆனால் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள்.

அம்பாசமுத்திரம்:
கொட்டிப் பார்த்தேன். மேலே உள்ளது உப்புதான், கரைந்துவிட்டது. ஆனால் அடியில் நாலைந்து ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் நூல்போல ஓடியிருக்கிறது. ஒன்றைப் பிய்த்தால் உள்ளே சாம்பல் பச்சை. வாடையும் அடிக்கிறது. மேலே இருப்பதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளவா?

சங்கரன்கோவில்:
வேண்டாம் தாயி, அந்த டப்பாவில் உள்ளதை முழுசாகக் கொட்டிவிடுங்கள். பூஞ்சையின் விதை கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். சில பூஞ்சை விடுகிற நஞ்சு வெயிலுக்கும் போகாது, எண்ணெயில் பொரித்தாலும் முழுசாகப் போகாது. உழைப்பு போகிறதே என்று எனக்கும் வலிக்கிறது, ஆனால் பிள்ளைகள் சாப்பிடுகிற பொருள்.

சீனியவரை மெலிசு, சீக்கிரம் காய்ந்துவிடும். சுண்டைக்காய் தோல் முறுகினாலும் உள்ளே ஈரம் நிற்கும். அதைச் சூட்டோடு மூடினால் டப்பாவே வேர்த்து, அந்த நீர் அடியில் இறங்கும். அடுத்த தடவை நன்றாக ஆறவிட்டு, கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். உள்பக்கம் பனி படிந்தால் மறுபடி வெயில்தான். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை வெயிலை நம்ப முடியாது. நான் மாசி, பங்குனியில்தான் வத்தல் போடுவேன்.

இந்த மழைக்கு எங்கள் கரிசலில் அதலைக்காய் வரும், பாகற்காய் இனத்துச் சின்னக் காய். அதைச் சேர்த்துவைக்க நினைக்கவே வேண்டாம், ஓரிரு நாளில் வெடித்துவிடும். பறித்த அன்றே காம்பையும் நுனியையும் கிள்ளி வதக்கிவிடுவோம்.

அம்பாசமுத்திரம்:
கொட்டிவிட்டேன் அண்ணாச்சி. டப்பாவையும் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். சீனியவரையைப் பாட்டிலுக்கு மாற்றி இன்றோடு ஐந்து நாள். கண்ணாடியில் பனி இல்லை, குலுக்கினால் சலசலவென்று சத்தம் வருகிறது. நேற்று ராத்திரி ஒரு கைப்பிடி வறுத்துத் தயிர்சோற்றுக்கு வைத்தேன். ஒடித்தபோது படக்கென்று ஒடிந்தது.