சித்தப்பாவின் கையொப்பம்

*சின்னம்மா, காலை 7.40*
பிள்ளைகள், சின்னவளுக்கு என் சீதனக் காணியில் இரண்டு பரப்பை எழுதிக் கொடுப்பதற்காக நேற்று காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போயிருந்தேன். பழைய உறுதியை வாசித்து முடித்தவர், யாழ்ப்பாணத்துப் பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் மரணச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பிறகு பேருந்தில் ஏற்றப்பட்டு, இன்றுவரை தகவலே இல்லாதவரிடம் நான் எங்கே போய்க் கையொப்பம் வாங்குவது?

*பெரியமாமா, காலை 7.58*
தங்கச்சி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு மரணத்தைப் பதிந்துவிடு. ஒரு வருடத்துக்கு மேலாகத் தகவல் இல்லாதவர்களுக்கென்று 2010 இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பிள்ளையின் கலியாணத்தை எத்தனை காலத்துக்குத் தள்ளிப்போடுவது?

*சின்னம்மா, காலை 8.05*
அண்ணா, அந்தப் படிவம் பல வருடங்களாக என் அலுமாரிக்குள்தான் கிடக்கிறது. இறந்த திகதியையும் இறந்த இடத்தையும் எழுத வேண்டிய கோடுகளை மட்டும் என்னால் நிரப்ப முடியவில்லை. அதைத் தெரிந்தவர்கள்தானே நிரப்ப வேண்டும்?

*அக்கா (சட்டத்தரணி), காலை 8.31*
சின்னம்மா, நீங்கள் அந்தப் படிவத்தில் ஒரு சொல்லும் எழுத வேண்டாம். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமை பற்றிய கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவை நொத்தாரிசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் 8 ஆம் பிரிவை அவர் சொல்லவில்லை. கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால், அவருடைய சம்மதமின்றியே காணியைக் கைமாற்ற அனுமதி தரும்படி மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அதோடு, மாமா சொன்ன சட்டத்தை 2016 இல் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறவும் வழி செய்திருக்கிறார்கள். மனுவோடு அதை இணைத்தால் நீதிமன்றத்தில் விளக்குவது சுலபமாகும்.

*கனடா அண்ணா, காலை 8.44*
அந்தச் சான்றிதழை வாங்கினால், வழக்கைக் கைவிட்டதாக நாளைக்கு யாரும் சொல்லமாட்டார்களா? காணாமலாக்கப்பட்டவர்கள் எங்கே என்று கேட்டு 2017 முதல் வீதியோரக் கொட்டில்களில் இருக்கும் அம்மாக்களுக்கு இருக்கிற பயமும் அதுதான்.

*அக்கா (சட்டத்தரணி), காலை 9.10*
அவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் சான்றிதழையும் இழப்பீட்டையும் கையில் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடும் எண்ணம் இங்கே யாருக்கும் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சட்டப்படி அந்தச் சான்றிதழ் எந்தக் குற்ற விசாரணைக்கும் தடையாகாது. 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமலாக்கலை 20 வருடம் வரை சிறை வைக்கக்கூடிய குற்றமாக்கியிருக்கிறது. முன்னர் நடந்தவற்றுக்கு அது பொருந்துமா என்ற கேள்வி எழும்போது செய்த காலத்தில் குற்றமாக இல்லாத செயலுக்குப் பின்னர் தண்டிக்க முடியாது என்னும் அரசியலமைப்பின் 13(6) ஆம் உறுப்புரையைக் காட்டுவார்கள். ஆள் எங்கே என்று சொல்லப்படாத ஒவ்வொரு நாளும் குற்றம் தொடர்ந்துகொண்டே இருக்கிறது என்பது நமது பக்கத்து வாதம்.

*பெரியமாமா, காலை 9.22*
வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. தீர்ப்பைப் பார்க்க நான் இருப்பேனா என்பதுதான் தெரியவில்லை.

*சின்னம்மா, காலை 9.37*
2025 ஓகஸ்ட் மாதம் யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழியில் எடுத்த பொருட்களை மக்களின் பார்வைக்கு வைத்தபோது நானும் போனேன். வட்டுவாகலில் தொலைந்தவர் செம்மணியில் இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் போனேன். மண் ஒட்டிய செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவருடைய அளவில் ஒன்றும் இல்லை என்று கண்டபோது வந்த ஆறுதலை நினைத்து வீட்டுக்கு வந்த பிறகு வெட்கப்பட்டேன். பிள்ளை, அந்த மனுவில் அவரைப் பற்றி என்னவென்று எழுதுவீர்கள்?

*அக்கா (சட்டத்தரணி), காலை 9.41*
‘வசிப்பிடம் அறியப்படாதவர்’ என்று எழுதுவேன், சின்னம்மா.

*சின்னம்மா, காலை 9.50*
அதில் நான் கையொப்பமிடுவேன். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் செஞ்சிலுவைச் சங்கம் தந்த துண்டும் உறுதியோடு ஒரே பையில்தான் இருக்கின்றன. திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்.