வெங்காயத் தோலில் மைட்டோகாண்ட்ரியா ஏன் இப்படி ஓடுகிறது?

உரித்தவெங்காயம்:
எம்.எஸ்சி முதல் வருடம். லேபில் வெங்காய உள்தோலை உரித்து மைட்டோகாண்ட்ரியாவை ஒளிரவைக்கும் டையாக்6 சாயம் ஏற்றிப் பார்த்தேன். புத்தகத்தில் அவரை விதை மாதிரி வரைந்திருப்பதைப் பார்த்து, அது ஓரிடத்தில் கிடக்கும் என்றுதான் இவ்வளவு நாள் நினைப்பு. இங்கே ஒவ்வொரு புள்ளியும் ஓடுகிறது, சட்டென்று நிற்கிறது, வந்த வழியே திரும்புகிறது. யார் இழுப்பது, எதற்கு? "ஆற்றல் வேண்டிய இடத்துக்குப் போகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை எங்கள் சாரே சொல்லிவிட்டார்.

இலைச்சாறு:
இழுப்பது மயோசின் என்ற இயக்கப் புரதம், அதிலும் 11ஆம் வகை. பாதை ஆக்டின் என்ற புரத இழை. நரம்பு செல்லைப் படித்துவிட்டு வருகிறவர்கள் நுண்குழல் என்ற வேறு பாதை, அதில் ஓடும் கைனசின் என்றே தேடுவார்கள், செடியில் நீண்ட ஓட்டமெல்லாம் பெரும்பாலும் ஆக்டின் மேல்தான். லாட்ரன்குலின் என்ற மருந்து போட்டு ஆக்டினைக் கலைத்தால் ஓட்டம் நின்றுவிடும்.

பழையஸ்லைடு:
எதற்கு என்பதுதான் சுவாரசியம். மனித மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ 16,569 எழுத்து, அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் சுமார் 3.67 லட்சம். ஆனால் ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா இருந்தும் பலவற்றிடம் அந்த மரபணுத் தொகுதி முழுசாக இல்லை, சிலவற்றிடம் டி.என்.ஏவே இல்லை. அப்போ சந்தித்து, ஒட்டி, பண்டமாற்று செய்துவிட்டுப் பிரிய வேண்டியதுதானே! 2004இல் ஜப்பானில் இதே வெங்காயத் தோலில் செய்து காட்டினார்கள்: கயேடே என்ற பச்சைப் புரதம், ஒளி பட்டால் சிவப்பாகும் (கயேடே என்றால் ஜப்பானிய மொழியில் மேப்பிள் மரம், பொருத்தமான பேர்). பாதி மைட்டோகாண்ட்ரியாவைச் சிவப்பாக்கிவிட்டுக் காத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பச்சையும் சிவப்பும் கலந்து எல்லாமே மஞ்சள்.

உரித்தவெங்காயம்:
அப்படியானால் ஒட்டியே இருந்துவிடலாமே?

பழையஸ்லைடு:
குளோரோபிளாஸ்ட் பக்கத்தில் யார் போய் நிற்பது? ஒளிச்சுவாசத்தில் (வெளிச்சத்தில் குளோரோபிளாஸ்டும் மைட்டோகாண்ட்ரியாவும் சேர்ந்து செய்யும் வேலை) கிளைசின் என்ற அமினோ அமிலம் செரினாக மாறுவது மைட்டோகாண்ட்ரியாவில்தான், அதனால் பரவியும் இருக்க வேண்டும். 'ஃபிரெண்ட்லி' என்றே ஒரு திரிபுச் செடி உண்டு, அதில் எல்லாம் கொத்துக் கொத்தாகக் கூடிவிடும், செடியும் நன்றாக வளராது. டி.என்.ஏ பழுது பார்க்கும் எம்.எஸ்.எச்.1 என்ற புரதம் இல்லாத செடியில் சந்திப்புகள் அதிகமாகின்றன என்று ஓர் ஆய்வு வந்தது. பழுது பார்க்க ஆளில்லாததைச் செல் இப்படி ஈடுகட்டப் பார்க்கிறது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இலைச்சாறு:
தம்பி, ஒன்று பார்த்துக்கொள். டையாக்6 அதிகமானால் செல்லுக்குள் பரவியிருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்விலும் ஏறும். புள்ளிகளுக்கு நடுவே வலை மாதிரி தெரிந்தால் சாயத்தை நீர்த்துவிட்டு மறுபடி பார்.

உரித்தவெங்காயம்:
ஐயோ, வலை தெரிந்தது அண்ணா. நாளைக்கு இன்னொரு வெங்காயம்.