புதுப்பிப்பு: வலி மாத்திரையும் காணாக்கடியும்

ஒன்றரை வருஷமா விடாத காணாக்கடி (தோல்ல அரிப்போட எழும்புற தடிப்பு), வலி மாத்திரை போட்டா இன்னும் பொங்குது, அப்பாவுக்கும் அப்படித்தான், இது பரம்பரையான்னு போன மாசம் கேட்டிருந்தேன். டாக்டரைப் பார்த்தாச்சு.

வழக்கமான அலர்ஜி இல்லையாம். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன்னு இந்த வலி மாத்திரை எல்லாமே உடம்புல இருக்கிற காக்ஸ்-1ங்கிற நொதியை அடைக்கும்; அது உண்டாக்குற புரோஸ்டாகிளாண்டின்ங்கிற பொருள் குறைஞ்சு, தடிப்பைக் கிளப்புற லியூகோட்ரையீன் ஏறும். மாத்திரையை மாத்தி மாத்திப் போட்டும் பலனில்லாதது அதனாலதான்! பரம்பரை விஷயத்துக்கு வந்தா, போலந்துல இந்தத் தொல்லை உள்ள குடும்பங்கள்ல லியூகோட்ரையீனை உண்டாக்க உதவுற லியூகோட்ரையீன் சி4 சிந்தேஸ் நொதியோட மரபணுவை ஆராய்ஞ்சிருக்காங்க; கொரியாவுல ஹெச்.எல்.ஏ.ங்கிற நோய் எதிர்ப்பு மரபணு வகை ஒண்ணு சிக்கியிருக்கு. "அப்போ ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா சார்?"னா, காசுக்குத் தண்டம்னு சிரிச்சார்.

இப்போ தினம் அரிப்பை அடக்குற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை ஒண்ணு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 500 மட்டும், எனக்குத் தாங்குது. அப்பாதான் கேக்கமாட்டேங்கிறார், முட்டிவலிக்கு நேத்தும் கடையில அதே மாத்திரை.