தண்டர்பேர்ட் 60-லிருந்து 140-க்கு மாறியதும் காலண்டர் காலியாக இருக்கிறது

மண்டபம்_ஐஸ்:
ஐஸ் கம்பெனி ஆபீஸ் கணினி. பழையது விண்டோஸ் 7, 32 பிட், தண்டர்பேர்ட் 60 (மின்னஞ்சல் மென்பொருள்), அதில் காலண்டருக்கான லைட்னிங் ஆட்-ஆன். புதியது விண்டோஸ் 11, தண்டர்பேர்ட் 140. பழைய புரொஃபைலில் (தண்டர்பேர்ட் தன் தரவையும் அமைப்புகளையும் வைக்கும் ஃபோல்டர்) 'காலண்டர்-டேட்டா' ஃபோல்டருக்குள் இருந்த 'லோக்கல் டாட் எஸ்க்யூலைட்' ஃபைலை எடுத்து, புதியதில் அதே இடத்தில் போட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. 'ஹோம்' என்று ஒரே ஒரு காலண்டர் தெரிகிறது, அதுவும் வெறுமையாக. ஃபைல் அளவு 9 எம்பி, ஆக உள்ளே தரவு இருக்கத்தான் வேண்டும். எந்தப் படகுக்கு எத்தனை ஐஸ் பார், யாரிடம் பாக்கி, எல்லாம் தமிழில் குறித்தவை. திங்கள், புதன், சனி என்று திரும்பத் திரும்ப வரும் பதிவுகள்தான் அதிகம். பழைய கணினி இன்னும் ஓடுகிறது. சிஎஸ்வியாக (எக்செலில் திறக்கும் வெறும் அட்டவணை ஃபைல்) எடுத்துவிடலாமா?

தொண்டிக்கரை:
தரவு அழியவில்லை, பயப்பட வேண்டாம். அந்த எஸ்க்யூலைட் ஃபைலில் ஒவ்வொரு பதிவோடும் அது எந்தக் காலண்டரைச் சேர்ந்தது என்று ஒரு நீண்ட அடையாள எண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய காலண்டரின் பெயர், நிறம், வகை எல்லாம் வேறு ஃபைலில், அதாவது புரொஃபைலின் 'ப்ரெஃப்ஸ் டாட் ஜேஎஸ்'ஸில் இருக்கின்றன. புதிய புரொஃபைல் தனக்கென்று ஒரு 'ஹோம்' காலண்டரைப் புது எண்ணோடு உருவாக்கிக்கொண்டது. பழைய எண் உள்ள பதிவுகளைக் கேட்பார் யாரும் இல்லை, அதனால்தான் திரை வெறுமை.

சிஎஸ்வி வேண்டாம் அண்ணே. 'வாரம் மூன்று நாள்' என்ற விதியை எழுத அந்த வடிவத்தில் இடமே கிடையாது. எக்செலில் ஒருமுறை திறந்து சேமித்தால் தமிழ் எழுத்தும் சிதைந்துவிடலாம்.

பழைய கணினி ஓடுகிறது என்றால் ஐசிஎஸ், அதாவது காலண்டர்களுக்கான பொது ஃபைல் வடிவம், அந்த வழிதான் சுத்தம். அங்கே காலண்டர் பட்டியலில் பெயர் மேல் வலது கிளிக், 'எக்ஸ்போர்ட் காலண்டர்', வகை ஐகேலண்டர். ஒவ்வொரு காலண்டரையும் தனித்தனி ஃபைலாக எடுங்கள், பிறகு பிரிப்பது பெரும்பாடு. புதியதில் முதலில் செட்டிங்ஸில் காலண்டர் பகுதிக்குப் போய் நேர மண்டலம் ஏசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். யூடிசி (உலகப் பொது நேரம்) என்று நின்றால் காலை 4 மணி ஐஸ் லோடு முந்தைய நாள் இரவு 10.30-க்குக் காட்டும். அதன்பின் அதே பெயரில் 'ஆன் மை கம்ப்யூட்டர்' வகைக் காலண்டர் ஒன்றை உருவாக்கி, 'டூல்ஸ்' மெனுவில் 'இம்போர்ட்' வழியாக ஃபைலை அதற்குள் இறக்குங்கள். தொடர் விதி, நினைவூட்டல், தமிழ்க் குறிப்பு எல்லாம் வந்துவிடும். காலண்டரின் நிறம் மட்டும் வராது, அதைக் கையால் வைத்துக்கொள்ள வேண்டும். தவறான காலண்டரில் இறங்கிவிட்டால் பதிவு பதிவாக அழிக்காமல் அந்தக் காலண்டரையே நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கீழக்கரை_பைட்:
மேலே சொன்னதே நல்ல வழி. பழைய கணினி திறக்காமல் போய், ஹார்ட் டிஸ்க் மட்டும் கையில் இருப்பவர்களுக்காக இன்னொன்று. பழைய 'ப்ரெஃப்ஸ் டாட் ஜேஎஸ்'ஸை நோட்பேடில் திறந்து, 'காலண்டர் டாட் ரெஜிஸ்ட்ரி' என்று வரும் எல்லா வரிகளையும் நகலெடுத்து, புதிய புரொஃபைலின் 'ப்ரெஃப்ஸ் டாட் ஜேஎஸ்' கடைசியில் ஒட்டுங்கள். அதோடு எஸ்க்யூலைட் ஃபைலையும் வைத்தால் எண் பொருந்திப் பழைய காலண்டர்கள் தெரியும்.

தண்டர்பேர்ட் மூடியிருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள். மூடும்போது அது அந்த ஃபைலை மறுபடி எழுதுவதால் நீங்கள் ஒட்டியது காணாமல் போகும். எஸ்க்யூலைட்டை நகலெடுக்கும்போதும் அப்படித்தான்: பக்கத்தில் 'வால்' (ஆங்கிலத்தில் டபிள்யூ, ஏ, எல்) என்று முடியும் இன்னொரு ஃபைல் இருந்தால், கடைசியாக எழுதிய பதிவுகள் அதில் இருக்கலாம். அதை விட்டுவிட்டு வராதீர்கள். 140-இல் திறந்த ஃபைலைத் திரும்பக் கொண்டுபோய் 60-இல் போடவும் கூடாது. புதியது அட்டவணை அமைப்பை உயர்த்திவிட்டால் பழையது அதைத் திறக்காது.

மண்டபம்_ஐஸ்:
ஐசிஎஸ் வழியில் எல்லாம் வந்துவிட்டது, தமிழும் சரியாக இருக்கிறது. ஆனால் தொடர் பதிவுகளுக்கு முடிவுத் தேதி இல்லாததால் மீன்பிடித் தடைக்காலத்திலும் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) லோடு காட்டுகிறது. 2 மாதப் பதிவுகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டுமா?

தொண்டிக்கரை:
தேவையில்லை. தண்டர்பேர்டில் ஒரு தொடரைத் திருத்தும்போது 'இது மட்டும்' அல்லது 'எல்லாம்' என்றுதான் கேட்கும், 'இதிலிருந்து பின்னால்' என்பது இல்லை. ஆகவே தொடரை இரண்டாக வெட்ட வேண்டும். 'எல்லாம்' என்று திறந்து, மீள்தலுக்கு முடிவுத் தேதி ஏப்ரல் 14 கொடுங்கள். நடந்து முடிந்தவை அப்படியே இருக்கும். பிறகு ஜூன் 15 முதல் புதிய தொடர்: 'கஸ்டம்', வாராந்திரம், திங்கள் புதன் சனி டிக்.

தொடக்கத் தேதி அந்த மூன்று கிழமைகளில் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் முதல் நாளில் தேவையற்ற ஒரு பதிவு ஒட்டிக்கொள்ளலாம். 2026-இல் ஜூன் 15 திங்கள், சிக்கல் இல்லை. 2027-இல் அது செவ்வாய், 16-இலிருந்து தொடங்குங்கள். இந்த முறை புதிய தொடருக்கும் அடுத்த ஏப்ரல் 14 என்று முடிவு வைத்துவிடுங்கள். நாட்டுப்படகு லோடைத் தனிக் காலண்டரில் வைப்பது நல்லது, 61 நாள் தடை விசைப்படகுக்குத்தானே. அமாவாசை, பௌர்ணமியை மட்டும் எந்தத் தொடர் விதியிலும் அடைக்க முயலாதீர்கள். பஞ்சாங்கம் பார்த்து வருடத்துக்கு ஒருமுறை கையால்தான் போட வேண்டும்.

கீழக்கரை_பைட்:
இன்னொன்று, அதிகாலை லோடுக்கு நினைவூட்டல் வைத்திருந்தால் தண்டர்பேர்ட் திறந்திருந்தால்தான் அது அடிக்கும். இரவில் கணினியை அணைத்துவிட்டால் காலையில் திறக்கும்போது தவறிய நினைவூட்டலாகத்தான் காட்டும். 4 மணி லோடுக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு, அதாவது 11 மணி நேரம் முன்னதாக நினைவூட்டல் வையுங்கள்.